பேஸ் கிட்டார் வாங்கப் போகும் தம்பிக்கு

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஆலயப் பாடற்குழுவில் இரண்டு ஆண்டுகளாக இரவல் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது ஒரு மெல்லிசைக் குழுவிலும் கூப்பிடுகிறார்கள். சொந்தமாக வாங்க 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். நான்கு தந்தியா, ஐந்து தந்தியா? எந்த ஆம்ப் வாங்கலாம்? எங்கள் கீபோர்டு அண்ணன், தன் இடது கை இருக்கும்போது பேஸ் எதற்கு என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?”

தம்பி, நான் மண்டபத்துக்காரன். பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் இந்தப் பேஸ் கிட்டாரை இருபத்தாறு ஆண்டுகளாக வாசிக்கிறேன். தேவாலயக் கொடியேற்றம், முளைப்பாரித் திருவிழா, கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா என்று தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் நான் மேடை ஏறாத ஊர் குறைவு. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். நீங்கள் மீட்டிய சுரம் எங்கே தொடங்குகிறது என்பது தெரிவதைப் போலவே, எங்கே நிற்கிறது என்பதும் கேட்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு உதவும் கருவி நல்ல கருவி. அதைக் குழப்பும் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, எத்தனை வாட்டாக இருந்தாலும் வேண்டாம். அதைக் காது கொடுத்துக் கேட்கும் சக கலைஞர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு தவில் கலைஞர். நான் வாசிக்கத் தொடங்கிய மூன்றாவது ஆண்டு. கோயில் திருவிழாவில் அவர்கள் கச்சேரி முடிந்து, எங்கள் மெல்லிசை தொடங்குவதற்கு இடையில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். “போன வருடம் உன் வாசிப்பைக் கேட்டேன். எல்லாம் ஒரே மொழுமொழுவென்று இருக்கிறது” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் தவிலை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கழியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் என்னை உட்காரச் சொன்னார். கழியால் ஒரு அடி அடித்து உடனே எடுத்தார். ஒலி விரிந்து, பந்தல் கால் வரை போய், தானாக அடங்கியது. அடுத்த அடியில் கழியைத் தோலிலேயே அழுத்தி வைத்துக்கொண்டார். ஒலி பிறந்த இடத்திலேயே நின்றது. இரண்டையும் மாற்றி மாற்றி ஏழெட்டு முறை அடித்தார். விரல்களால் வாசிக்கும் மறுபக்கமான வலந்தலையை அவர் தொடவே இல்லை. ஆனாலும் அங்கே ஒரு நடை கிளம்பிவிட்டது. என் கால் தானாக ஆடியது. “அடிக்கிறது பாதி, அடக்குகிறது பாதி” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு முழுவதும் நான் என் இடது கையைத்தான் கவனித்தேன். பேஸ் கிட்டாரில் சுரத்தைப் பிறப்பிப்பது வலது கை. முடிப்பது இடது கை. ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில், அழுத்திய விரலை முழுவதும் எடுத்துவிடாமல், தந்தியின் மேலேயே இலேசாகத் தளர்த்தினால் ஒலி நின்றுவிடும். புதிதாக வாசிப்பவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. அடுத்த சுரம் வரும்வரை முந்தைய சுரம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அது போதாதென்று, தொடாத தந்திகளும் கூடவே அதிர்ந்து முனகும். வலது கைக் கட்டைவிரலைத் தடித்த தந்தியின் மேல் சாய்த்து வைக்கும் பழக்கம் ஆசிரியர்கள் சொல்லித் தருவது அதற்காகத்தான். ஒரு பயிற்சி சொல்கிறேன். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு சுரம். அடுத்த தட்டுக்கு முழு மௌனம். அந்த மௌனத்தில் எதுவும் முனகக் கூடாது. கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். மூன்று நிமிடம் சுத்தமாக வாசிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இதைச் செய்துவிட்டுக் கடைக்குப் போனால், எந்தக் கருவி உங்களுக்கு ஒத்துழைக்கிறது என்பது கையிலேயே தெரியும்.

இனி கருவி. நான்கு தந்தி வாங்குங்கள்.

ஐந்து தந்தியின் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. நான்கு தந்தியில் மிகத் தாழ்ந்த ‘ஈ’ தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 41 அதிர்வு. ஐந்தாவதாகச் சேரும் ‘பி’ தந்தி 31 ஹெர்ட்ஸ். நம் திருவிழா மேடைகளில் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளில் பல, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலம் இழந்துவிடும். அந்த ஐந்தாவது தந்தியின் அடி ஒலி பெரும்பாலும் உங்கள் விரலோடு நின்றுவிடும். ஊருக்குக் கேட்பது அதன் மேலொலிகள் மட்டுமே. கூடுதலாக ஒரு தந்தியை அடக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். பாடகர் சுருதியை இறக்கச் சொன்னால் கீழே கூடுதல் சுரங்கள் கிடைக்கும் என்பது ஐந்து தந்தியின் நியாயமான பயன். அந்தத் தேவை வந்தால் ‘ஈ’ தந்தியை ‘டி’ வரை இறக்கிக்கொள்ளலாம். ஐந்தாறு ஆண்டுகள் போன பிறகு உங்களுக்கே அந்தத் தந்தி இல்லாத குறை தெரிந்தால், அப்போது வாங்குங்கள்.

எந்த வகை என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவை. 1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவரும் வரை, தாழ்ந்த சுரத்துக்கு ஆளுயர டபுள் பேஸைத்தான் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கி, ஃபிரெட்டும் வைத்தார். சுரத்தைத் துல்லியமாகத் தொடலாம் என்பதால்தான் அந்தப் பெயர். அவர் வைத்த 34 அங்குலத் தந்தி நீளம்தான் இன்றுவரை வழக்கமான அளவு. 1957-இல் அந்தக் கருவியின் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தச் சுருளை, இரண்டு துண்டாக்கினார்கள். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது; அதன் கழுத்து மேல்முனையில் 38 மில்லிமீட்டர்தான், கைக்கு ஒடுக்கமாக இருக்கும். இன்று கடையில் தொங்கும் கருவிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

அந்த 1957 மாற்றம் நமக்கு ஏன் முக்கியம்? நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் அந்த 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் இழுத்து ‘ம்ம்ம்’ என்று இரையும். ‘ஈ’ தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ‘ஜி’ சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் உங்கள் சுரத்தின் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறது! நீங்கள் சுரத்தை நிறுத்தினாலும் அது நிற்காது. இரண்டு துண்டுப் பிக்கப்பில் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பதால் அந்த இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஜாஸ் பேஸிலும் இரண்டு பிக்கப்பையும் சம அளவு திறந்து வைத்தால் அதே பலன். ஒன்றைக் குறைத்தவுடன் இரைச்சல் எட்டிப் பார்க்கும். சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் சூழ்ந்த நம் மேடைகளுக்கு, நடுவில் இரண்டு துண்டுப் பிக்கப் உள்ள கருவியே என் முதல் தேர்வு. யமஹாவின் டி.ஆர்.பி.எக்ஸ். 174, ஸ்கொயரின் பிரிசிஷன் வகைகள் போன்றவற்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஐபனேஸின் ஜி.எஸ்.ஆர். 200-இன் கழுத்து மெல்லியது, சிறிய கைக்கு இதமானது. ஆனால் அதற்குள் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். பேட்டரி உள்ள கருவியில் வயரைப் பிடுங்காமல் வைத்துவிட்டால், வாசிக்காதபோதும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பூசை தொடங்கும் நேரத்தில் ஒலி கரகரத்தால் ஊரில் பேட்டரி தேடி யார் ஓடுவது? பேட்டரி இல்லாததே எனக்குப் பிடிக்கும்.

உங்கள் கை சிறியது என்றால் 30 அங்குலக் கருவிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸ் அந்த நீளம்தான். 1972-இல் திருடுபோன அது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கைக்கே திரும்பி வந்துவிட்டதாக 2024-இல் செய்தி வந்தபோது, சொந்த வீட்டுப் பொருள் கிடைத்தது போல எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மதுரைக்குப் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள்; நடுவில், ஏழு எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லை என்றால் பின்னால் வளைந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் வாசியுங்கள், வெட்கப்படாதீர்கள். பத்து நிமிடம் தோளில் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். தலைப்பக்கம் கீழே சாய்கிற கருவி, மூன்று மணி நேரக் கச்சேரியில் உங்கள் இடது கையைத் தூண் ஆக்கிவிடும். தூணாக நிற்கிற கைக்குச் சுரத்தை அடக்க நேரம் இருக்காது.

இப்போது நம் கடல். வெளியூர்க்காரர் எழுதும் ஆலோசனை எதிலும் இது கிடைக்காது. பாம்பனில் உங்களுக்கு வடக்கே பெண்கடல் எனும் பாக் விரிகுடா, தெற்கே ஆண்கடல் எனும் மன்னார் வளைகுடா. எந்தக் காற்று அடித்தாலும் அதில் உப்பு இருக்கிறது. ஆடிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நான் ஒரு செட் புதுத் தந்தியை மாட்டி, துடைக்காமல் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். பதினோராம் நாள் விரலை வைத்து இழுத்தேன். மணல் தாளை உரசியது போல இருந்தது. வெள்ளை வேட்டித் துணியால் துடைத்ததில் காவி நிறத்தில் நான்கு கோடுகள் விழுந்தன. உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகளில் சுற்றுக்குச் சுற்று பள்ளம் உண்டு. வியர்வையும் உப்பும் அதற்குள் போய் உட்கார்ந்தால், தந்தி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே எடையாக இருக்காது; சுருதி நிற்காது, ஒலி மழுங்கும்.

செய்ய வேண்டியது எளிது. வாசித்து முடித்தவுடன், கைத்தட்டல் அடங்குவதற்கு முன், ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துணியால் துடையுங்கள். பழைய பருத்தி வேட்டிக்கு நிகரான துணி இல்லை. சுவரில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள்; உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். மழுங்கிய தந்தியைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, நன்றாக உலர்த்தி மாட்டினால் சில நாட்களுக்கு உயிர் வரும். காசில்லாத காலத்தில் நான் பலமுறை செய்திருக்கிறேன். ஆனால் துரு பிடித்ததற்கு அது மருந்தில்லை.

என் உறுதியான கருத்து: இந்தக் கரைக்குத் தட்டைக் கம்பி சுற்றிய தந்திதான் ஏற்றது. விலை அதிகம். ஆனால் மேற்பரப்பு வழவழவென்று இருப்பதால் உப்புக்கு ஒளிய இடம் குறைவு, ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. ஒலி கொஞ்சம் இருட்டாக, உருண்டு திரண்டு, சீக்கிரம் அடங்கும். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டைத் தந்தியைத்தான் மாட்டியிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் மீட்டியவர் அவர். அவருடைய ஒவ்வொரு சுரமும் நெல்மணி போலத் தனித்தனியாக நிற்கும். பழைய ஃபெண்டர் கருவிகளில், தந்திகளை உடல் பக்கம் தாங்கும் பாலத்தை மூடும் தகட்டுக்கு அடியில் தந்தியைத் தொட்டுக்கொண்டு ஒரு ஸ்பாஞ்சு இருந்தது. ஒலியை அடக்குவதைக் கருவி செய்தவர்களே முதலிலிருந்து நினைத்திருக்கிறார்கள். நீங்களும் பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலம் வெட்டி, பாலத்துக்குப் பக்கத்தில் தந்திக்கடியில் செருகிப் பாருங்கள். ஆலயப் பாடல்களுக்கு அதைவிட அழகான ஒலியை நான் கேட்டதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுத்து மரம் ஈரம் குடித்து நகரும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் திருப்புக்கு மேல் ஒரே நாளில் திருகாதீர்கள். திருகிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பல கருவிகளின் விரற்பலகை நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் வளரும் ஈட்டி மரம்தான். அதைக் கையால் தடவும்போது எனக்கு ஒரு சொந்தம் தோன்றும்.

ஆம்புக்குப் போவதற்கு முன் மண்ணுக்குள் போகும் கம்பியைப் பற்றிப் பேச வேண்டும். இதை நீங்கள் படிக்காமல் தாண்டிவிடக் கூடாது, தம்பி.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரைக் கிராமத்து மேடை. நான் பின்பாட்டும் பாடுவேன். பேஸை மாட்டிக்கொண்டு மைக்கை நெருங்கினேன். உதடு வலைக்கம்பியில் பட்டது. பல்லுக்குள் ஒரு ஆணியை அடித்தது போல இருந்தது. தலை தானாகப் பின்னால் வெட்டியது. கைகள் தந்தியை விடவில்லை, விட முடியவில்லை. பக்கத்திலிருந்த டிரம்ஸ் தம்பி ஆம்பின் பிளக்கைக் காலால் உதைத்துக் கழற்றியதால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறகு பார்த்தால், இரைச்சல் வருகிறது என்று யாரோ என் ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டியிருந்தார்கள்.

பேஸ் கிட்டாரின் தந்திகள் பாலம் வழியாக எர்த்தோடு இணைந்தவை. ஆம்ப் சரியாக எர்த் ஆகியிருந்தால் உங்கள் கை பத்திரம். ஆம்பில் எர்த் இல்லாமல் கசிவும் இருந்தால், தந்தியில் மின்சாரம் நிற்கிறது. மைக்கைத் தொட்டவுடன் உங்கள் உடல் வழியாகப் பாய்கிறது. இதைத் தடுப்பது மண்ணுக்குள் போகும் கம்பிதான். நம் மண்ணோ மணல். காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் வாங்காது. மேடைக்குப் பின்னால் இரண்டு அடிக் கம்பியைக் காய்ந்த மணலில் செருகிவிட்டு எர்த் என்று சொல்வார்கள். அது எர்த் அல்ல. ஈர மணல் வரும் ஆழத்துக்குக் கம்பி இறங்க வேண்டும். சுற்றிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜெனரேட்டருக்கும் இதே சட்டம். மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய நீட்டிப்புப் பெட்டி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன மல்டிமீட்டரும் வாங்குங்கள். ஒவ்வொரு மேடையிலும், பாடுவதற்கு முன், அதை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை மைக் வலையிலும் மறுமுனையை உங்கள் பாலத்திலும் வையுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதீர்கள். விழாக் கமிட்டி கோபித்துக்கொள்ளட்டும். நான் இரண்டு மேடைகளில் அப்படி நின்றிருக்கிறேன். இரண்டிலும் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள்.

இரைச்சலுக்கு மருந்து வேறு. டி.ஐ. பாக்ஸ் என்று ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. பேஸின் மெல்லிய சைகையை நீண்ட வயரில் தாங்கும்படி மாற்றி மிக்சருக்கு அனுப்பும். அதில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அது மிக்சருக்குப் போகும் வயரின் உறையை மட்டும் துண்டிக்கும், மின் பிளக்கின் எர்த்தைத் தொடாது. இரைச்சல் வந்தால் அழுத்த வேண்டியது அந்தப் பொத்தானை.

ஆம்ப். பெரிய வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதுவும் திறந்த கடற்கரையில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. தாழ்ந்த ஒலி போனது போனதுதான். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட். பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. ஸ்பீக்கர் இல்லாத தலைப்பகுதி மட்டுமே ஓர் ஆள் தனியாகத் தூக்கத் தயங்கும் எடை. அந்த ஒலியின் மேல் எனக்கு மரியாதை உண்டு; பெரிய அரங்கங்களில் மேடையிலிருந்தே ஒலி போக வேண்டியிருந்த காலத்துக்கு அது தேவைப்பட்டது. இன்று மேடையில் மைக்செட்காரரின் பெட்டிகள் ஊருக்கு வாசிக்கின்றன. உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ் கலைஞருக்கும் கேட்டால் போதும். பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த 40 முதல் 60 வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) ஒன்று, நிலை நல்லதாக இருந்தால் பழையதே போதும். ஆலயத்துக்குள்ளும் ஒத்திகையிலும் அதுவே மிஞ்சும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய சோதனை ஒன்றுதான். ‘ஈ’ தந்தியை வெறுமனே மீட்டி, டக்கென்று அடக்குங்கள். ஸ்பீக்கரும் அங்கேயே நிற்கிறதா, அல்லது பெட்டி ‘பூம்’ என்று இழுக்கிறதா? இழுக்கிற பெட்டியை வாங்காதீர்கள். நண்பரின் சாதாரணக் கிட்டார் ஆம்பில் மட்டும் பேஸைச் செருகிச் சத்தம் ஏற்றாதீர்கள். அதன் ஸ்பீக்கர் அத்தனை தூரம் முன்னும் பின்னும் போகச் செய்ததல்ல, காகிதம் கிழிந்துவிடும். உள்ளூர் ஆசாரியிடம் பெட்டி செய்வதாக இருந்தால் மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம், நம் ஈரத்தில் ஊதிவிடும். படகுக்குப் போடும் மரைன் பிளைவுட் கேளுங்கள்.

உங்கள் 40,000-இல் பாதிக்கு மேல் கிட்டாருக்குக் கொடுக்க வேண்டாம். மீதியில் ஆம்ப், டி.ஐ. பாக்ஸ், மல்டிமீட்டர், நல்ல வயர் இரண்டு, அகலமான தோள்வார், ஒரு செட் தட்டைத் தந்தி.

கடைசியாக உங்கள் கீபோர்டு அண்ணன். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒத்திகையில் ஒரு வேலை செய்யுங்கள். அவரை வலது கையில் சி மேஜர் என்ற சுரக்கூட்டை, அதாவது ச-க-ப, பிடித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ‘ச’ வாசியுங்கள். பிறகு, அவர் கையை மாற்றாமலே, நீங்கள் ‘த’வுக்குப் போங்கள். அவர் பிடித்திருந்த மகிழ்ச்சி அந்த நொடியே ஏக்கமாக மாறும். அது ஏ மைனர் செவன்த் என்ற வேறு சுரக்கூட்டு ஆகிவிட்டது. அடுத்து அவரையே இடது கையில் தாழ்ந்த ‘ச’வையும் ‘க’வையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். 65 ஹெர்ட்ஸும் 82 ஹெர்ட்ஸும் அத்தனை தாழ்வில் ஒன்றோடொன்று உரசிக் கரகரக்கும். அதே இரண்டு சுரத்தை இரண்டு ஸ்தாயி மேலே பிடித்தால் தேன். கீழே இடம் குறுகலானது. அங்கே ஒருவர்தான் நிற்க முடியும். பேஸ் வாசிப்பவர் இருக்கும்போது இடது கையை மேலே தூக்கிக்கொள்ளும் கீபோர்டு கலைஞரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறார். பதினைந்து ஆண்டுகளாக அவரோடு ஒரு வாக்குவாதம்கூட வந்ததில்லை.

உங்கள் கீபோர்டு அண்ணன் தமிழ்ப் பாட்டில் பேஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பாடகரின் குரலை விட்டுவிட்டுக் கீழே ஓடுவதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அங்கே பாட்டுக்குள் இன்னொரு பாட்டு நடக்கும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அவர் தாளில் சுரம் எழுதிக் கொடுப்பவர். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் ஒலி எத்தனை சுத்தம்! ஏ.ஆர். ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸிடமும் அதே ஒழுக்கம் உண்டு. தேவையில்லாத இடத்தில் அவர் வாசிக்கவே மாட்டார். நான் பேஸ் கலைஞர்களை எடை போடுவது அவர்கள் விடுகிற இடத்தை வைத்துத்தான்.

டிரம்ஸ் கலைஞரிடம் ஒட்டி நில்லுங்கள். ஒலி ஒரு மீட்டர் போகச் சுமார் 3 மில்லி வினாடி எடுக்கும். பத்து மீட்டர் தள்ளி மேடையின் மறுமுனையில் நின்றால் அவருடைய கிக், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி, உங்களுக்கு 30 மில்லி வினாடி தாமதமாக வரும். அதைக் கேட்டு நீங்கள் வாசித்தால் முன்னால் இருப்பவர்களுக்கு நடை நொண்டும். அவருடைய வலது கால் தெரியும் இடத்தில் நில்லுங்கள். டிரம்ஸுக்குப் பதில் மின்னணு ரிதம் பேட் மட்டும் உள்ள குழு என்றால், அதை வாசிப்பவரிடம் கிக் ஒலியைக் குட்டையாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள்; பல பேடுகளில் அந்த ஒலி நீளமாக இழுத்து உங்கள் சுரத்தின் மேலேயே படுத்துக்கொள்ளும். மைக்செட்காரரிடம் கச்சேரிக்கு முன்பே ஒரு தேநீர் குடித்துப் பேசிவிடுங்கள். “அண்ணே, எனக்குச் சத்தம் கூட்ட வேண்டாம், ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்டால் போதும்” என்று சொல்லுங்கள். அவரிடம் சத்தத்தைக் கூட்டச் சொல்லாத கலைஞர் அபூர்வம் என்பதால், அந்தச் சொல்லுக்கு அவர் காது கொடுப்பார்.

பாடற்குழுவில் இருக்கும் பெரியம்மாக்களையும் மறந்துவிடாதீர்கள். நான்கு சரணம் போவதற்குள் கூட்டுப் பாடல் சுருதி மெல்ல இறங்கும். கீழே பேஸ் உறுதியாக நின்றால் அவர்கள் அறியாமலே அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். என்னிடம் ஒரு பெரியம்மா, “நீ வராத ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொண்டை வலிக்கிறது ராசா” என்றார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

மதுரைக்குப் போகும் முன் ஒரு மாலை மண்டபத்துக்கு வாருங்கள். அந்த இரவல் கிட்டாரையும் கொண்டுவாருங்கள். கழுத்து வளைந்திருந்தால் சரிசெய்து தருகிறேன். உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும்போது புதுத் தந்தி மாட்டிக் கொடுங்கள்.